முதல் வலைப்பக்கம்: எழுதியவர் திரையில் தெரியாத தவறுகள்

கும்பகோணத்தில் கோடை விடுமுறையின்போது பிள்ளைகளுக்கு, வலைப்பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் சொல்லிக்கொடுக்கையில் நான் தரும் முதல் பயிற்சி மிக எளியது. மேலே ஒரு தலைப்பு, அதன் கீழே நெல்வயல் படம், அதற்கும் கீழே குறுவை, சம்பா, தாளடி ஆகிய மூன்று நெல் பட்டங்களைக் காட்டும் ஓர் அட்டவணை. ஒரு மணி நேரத்துக்குள் எல்லோரும் முடித்துவிடுவார்கள். அவரவர் திரையில் பக்கம் பெரும்பாலும் சரியாகவே தெரியும். அதே கோப்பை அடுத்தவர் கணினியில் திறக்கச் சொல்லும்போதுதான் உண்மையான பாடம் தொடங்குகிறது. பைத்தான் போன்ற நிரல்மொழியில் ஓர் அடைப்புக்குறி விடுபட்டாலும் நிரல் ஓட மறுத்துவிடும். எச்டிஎம்எல்லிலோ, எழுதியவர் இதைத்தான் நினைத்திருப்பார் என்று உலாவி (பிரவுசர்) தானே முடிவுகட்டி, பிழையை மூடிமறைத்துக் காட்டிவிடுகிறது.

அட்டவணையையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவர் கடைசி வரிசையில், வரிசைக்குரிய டிஆர் குறிச்சொல்லை (இது என்ன பகுதி என்று உலாவிக்குச் சொல்லும் குறி) திறந்து, அறைக்குரிய டிடி குறிச்சொல்லை மறந்து, ‘தாளடி’ என்று நேரடியாக எழுதிவிட்டார். அந்தச் சொல் அட்டவணைக்கு மேலே, குறுவைக்கும் முன்னால் போய் நின்றது. குறுவை அறுத்த வயலில் நடுவதற்குப் பெயர்தான் தாளடி என்பதால் வகுப்பே சிரித்தது. ஆனால் உலாவி விதிப்படிதான் நடந்திருக்கிறது: அட்டவணைக்குள் அறைக்கு வெளியே கிடக்கும் எழுத்துகளை அட்டவணைக்கு முன்னே தள்ளிவிட வேண்டும் என்பதே எச்டிஎம்எல் தரநிலை.

தமிழில் எழுதுவோரைப் பெரிதும் வாட்டுவது எழுத்துக் குறியாக்கம், அதாவது எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் முறை. இன்று பரவலாக உள்ள யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது. பக்கத்தைப் பற்றிய விவரங்கள் இருக்கும் ஹெட் பகுதியின் தொடக்கத்திலேயே மெட்டா குறிச்சொல்லில் சார்செட் யுடிஎஃப்-8 என்று அறிவிக்காவிட்டால், அந்த மூன்று பைட்டையும் மூன்று தனித்தனி ஐரோப்பிய எழுத்துகளாக உலாவி படித்துவிடக்கூடும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’யும் வட்டத்துக்குள் அடைபட்ட ‘ஆர்’ எழுத்தும் மாறிமாறி வந்தால் காரணம் இதுதான். அறிவிப்பைச் சேர்த்தால் தமிழ் மீண்டுவிடும். வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் நிலைமை வேறு. கோப்பை, தமிழுக்கு இடமில்லாத பழைய ஆன்சி முறையில் சேமித்ததால் தமிழ் எழுத்துகள் அழிந்தேபோயிருக்கும். மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வழியில்லை. 2019க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேடில் ஆன்சியே இயல்பான தேர்வாக இருந்தது. பழைய கணினிகளில் பயில்வோர் சேமிக்கும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, அச்சகத்திலிருந்து வாங்கிய வாசகத்தை அப்படியே ஒட்டுவது. கல்யாணப் பத்திரிகையும் கோயில் திருவிழா நோட்டீசும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கப்பட்டிருந்தால், கோப்பில் உள்ளவை ஆங்கில எழுத்துகளே. அவற்றுக்குத் தமிழ் உருவம் தருவது எழுத்துரு மட்டும். அது இல்லாத கைபேசியில் முருகன் பெயர்கூட அரைப்புள்ளிகள் விரவிய ஆங்கிலக் குப்பையாகத்தான் தெரியும். முதலில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டுப் பிறகு ஒட்ட வேண்டும்.

படங்கள் தெரியாமல் போவதற்குப் பெரும்பாலும் முகவரியே காரணம். சி டிரைவில் தொடங்கும் முழு முகவரியை எழுதினால், அந்தப் படம் உங்கள் கணினியைத் தவிர வேறெங்கும் தெரியாது. பக்கமும் படமும் ஒரே கோப்புறையில் இருந்தால் கோப்பின் பெயர் மட்டுமே போதும். பெயரிலும் ஒரு கண்ணி இருக்கிறது: பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் விண்டோஸ் ஒன்றாகக் கருதும், பெரும்பாலான வலை வழங்கிகளில் (சர்வர்) ஓடும் லினக்ஸ் வேறுவேறாகக் கருதும். வீட்டில் தெரிந்த படம் இணையத்தில் ஏற்றியதும் மறைந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கோப்புக்குத் தமிழில் பெயர் வைப்பது தவறில்லை என்றாலும், ‘விலை’ என்ற சிறு சொல்கூட முகவரியில் 36 குறிகளாக நீளக்கூடும் என்பதால் நான் ஊக்குவிப்பதில்லை.

வாட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த நிரல் துண்டை ஒட்டினால் நேரான மேற்கோள்குறிகள் வளைந்தவையாக மாறியிருக்கலாம். உலாவி அவற்றைக் கோப்புப் பெயரின் பகுதியாகவே எடுத்துக்கொள்ளும். எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தலைப்புக்குரிய எச்1 பயன்படுத்துவதும், இடைவெளிக்காக வரியை முறிக்கும் பிஆர் குறிச்சொல்லை அடுக்குவதும் சோம்பல். அது பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழியான சிஎஸ்எஸ் செய்ய வேண்டிய வேலை.

கைபேசியில் எழுத்து எறும்பளவு தெரிகிறது என்பார்கள். திரையின் அகலத்துக்கேற்ப அமைக்கச் சொல்லும் வியூபோர்ட் அறிவிப்பு இல்லாத பக்கத்தைக் கைபேசி உலாவிகள் பொதுவாக 980 படப்புள்ளி அகலத்தில் அமைத்துச் சுருக்கிக் காட்டுவதே காரணம். அதே பக்கத்தில் 4000 படப்புள்ளி அகலமுள்ள படத்தை 400 என்று அகலம் குறித்துப் போட்டாலும், முழுக் கோப்பும்தான் தரவிறங்கும். காட்சி சிறுக்கிறதே தவிர எடை குறைவதில்லை.

இவற்றில் பலவற்றை உலக வலைக் கூட்டமைப்பின் இலவசச் சரிபார்ப்புக் கருவி வரி எண்ணோடு சுட்டிக்காட்டும். இருபது பிழை என்று வந்தால் மலைக்க வேண்டாம். மூடாமல் விட்ட ஒரே குறிச்சொல் கீழே பல பிழைகளைக் கிளப்பியிருக்கலாம். முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு உடனே மறுபடியும் சோதித்துப் பாருங்கள்.