வெயிலில் நிற்கும் ஆளை வரைய, கறுப்பு வண்ணத்தை ஒதுக்கி வையுங்கள்

பிரெஞ்சு ஓவியர் மோனே 1875-இல் வரைந்த, குடை பிடித்து நிற்கும் பெண்ணின் ஓவியத்தை இணையத்தில் தேடிப் பெரிதாக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர் மனைவி கமீலும் மகனும் இருப்பார்களே, அதுதான். அசல் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. கமீல் போட்டிருப்பது வெள்ளை உடை, ஆனால் அதில் வெள்ளை எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வெயில் பின்னாலிருந்து அடிப்பதால் முதுகுப்பக்கத் துணியில்தான் பளீரென்று தெரியும், முன்பக்கம் பெரும்பாலும் நீலமும் சாம்பலும், அதன்மேல் கீழே பூத்திருக்கும் காட்டுப்பூக்களின் மஞ்சள் ஏறியிருக்கும்.

நீங்கள் வரையும்போது முதலில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வெயில் படும் இடம், படாத இடம் என்று உருவத்தை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். மூக்கு, கண் எல்லாம் அப்புறம். கமீலின் முகமே ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் மங்கலாகத்தான் இருக்கிறது.

அடுத்தது நிழல். திறந்தவெளியில் நிழலுக்கும் வெளிச்சம் வரும். வானத்தைப் பார்த்திருக்கும் தோள், தொப்பியின் மேல்பக்கம் போன்றவை நிழலில் இருந்தால் நீலம் வாங்கும், தரையைப் பார்த்திருக்கும் தாடையின் அடிப்பக்கம் புல்லில் நின்றால் பச்சையும் செம்மண்ணில் நின்றால் ஆரஞ்சும் வாங்கும். கறுப்புக்குப் பதில் அல்ட்ராமெரினும் (அடர்நீல வண்ணம்) பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு வண்ணம்) கலந்து பாருங்கள், நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த சாம்பல், சியன்னாவைக் கூட்டினால் சூடான சாம்பல். ஒன்றே ஒன்று: நிழலுக்குள் எந்த நிறம் போட்டாலும் அது வெயில் பட்ட இடத்தைவிட அடர்த்தியாகவே, அதாவது இருட்டாகவே, இருக்க வேண்டும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள், ஆசையாசையாக வெளிறிய ஊதாவைப் பூசி வெயிலையே அணைத்துவிடுகிறார்கள்.

மரத்தடியில் உட்கார்ந்தவரை வரைவது இன்னும் கஷ்டம். இலை வழியாக விழும் வெயிலில் ஒரு பெண்ணின் உடலை வரைந்து பிரெஞ்சு ஓவியர் ரெனுவார் 1876-இல் பாரிஸில் நடந்த ஒரு கண்காட்சியில் வைத்தபோது, பச்சையும் ஊதாவுமாக அழுகிய சதை என்று ஒரு விமர்சகர் எழுதினார். இன்று அந்தப் படம் பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது, விமர்சனத்தை விடுங்கள். தோலில் பச்சை தைரியமாகப் போடலாம், பக்கத்து நிறத்தின் அடர்த்தியோடு ஒத்துப்போனால் போதும்.

வெயில் நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் நிழலின் எல்லைகளை முதலிலேயே குறித்துவிட்டு அதை மாற்றாதீர்கள். முடியவில்லையா, மறுநாள் அதே நேரத்துக்கு உட்காருங்கள். ஃபோனில் படமெடுத்து வீட்டில் முடிப்பதென்றால் அதிலிருந்து ஆள் நிற்கும் விதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கேமரா பெரும்பாலும் நிழலைக் கறுப்பாக்கிவிடும்.