விராலுக்கு ரப்பர் தவளை: என் அனுபவம்

வீராணம் ஏரிப் பக்கத்து வாய்க்காலில் விராலுக்காக மண்புழு கோத்துக் காத்திருந்தேன். ஜிலேபி மீன் குஞ்சுகள் புழுவைக் கொறித்துத் தீர்த்தன; விரால் வரவே இல்லை. தவளை வடிவில் மிதக்கும் செயற்கை இரையான ரப்பர் தவளைக்கு மாறினேன். அதன் இரண்டு தூண்டில் முட்களும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் ஆகாயத்தாமரையில் சிக்குவதில்லை.

முதல் நாளே விரால் நான்கு முறை அடித்தது, ஒன்றுகூட மாட்டவில்லை. தண்ணீர் சிதறியதும் நான் தூண்டிலைச் சுண்டியதுதான் தவறு. விரால் வாயை மூடித் திரும்பும்போதுதான் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இப்போது தூண்டில் நரம்பு (நைலான் இழை) இறுகும்வரை, ஒன்றிரண்டு நொடி, பொறுத்துப் பிறகே இழுக்கிறேன். தவளைக்குள் நீர் புகுந்தால் அது அமிழ்ந்துவிடும். அவ்வப்போது பிதுக்கி வெளியேற்றுகிறேன். அடுத்த வாரம் மூன்று விரால்கள்!

புழுவை நான் கைவிடவில்லை. கெளுத்தி மணத்தாலும் மீசையாலும் இரை தேடும் மீன். இருட்டிய பின் அதற்கு ரப்பர் எதற்கு? ஒன்று மட்டும்: சிவந்த குஞ்சுக் கூட்டத்தோடு பெரிய விரால் தெரிந்தால் அங்கே தவளையை வீசாதீர்கள். அது பசியில் அல்ல, குஞ்சுகளைக் காக்கவே பாயும்.