தரத்திற்கான தேவையை டுரியானைக் கொண்டு கற்பித்தல்

இளங்கலை நுண்பொருளியல் வகுப்புகளில் தரம் என்பது பெரும்பாலும் தேவைக் கோட்டை நகர்த்தும் காரணிகளுள் ஒன்றாக ஒரே வரியில் கடந்துவிடப்படுகிறது. மலேசியாவின் பினாங்கில் பாடம் நடத்துபவர் அவ்வாறு கடக்க வேண்டியதில்லை. பாலிக் புலாவின் டுரியான் தோட்டங்கள் அருகிலேயே இருக்கின்றன.

சாதாரண நாட்டு வகையான கம்போங் டுரியானையும் உயர்தர வகையான முசாங் கிங்கையும் நெருங்கிய பதிலீடுகளான (ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கக்கூடிய) இரு பண்டங்களாகப் பலகையில் எழுதுங்கள். கணக்கிற்காக, தோட்டத்தில் ஒரு கிலோ முறையே 10 ரிங்கிட், 40 ரிங்கிட் என்று கொள்வோம். ஒரு கிலோ முசாங் கிங்கிற்காக எத்தனை கிலோ கம்போங் டுரியானை விட்டுக்கொடுக்க நேர்கிறது என்று கேட்டால், நான்கு என்பார்கள். இனி இரண்டையும் கோலாலம்பூருக்கு அனுப்பக் கிலோவுக்கு 10 ரிங்கிட் கூலி சேருங்கள். விலைகள் 20, 50 ஆகின்றன. விட்டுக்கொடுப்பதோ இரண்டரை கிலோதான். இரண்டுமே விலையேறியிருக்க, உயர்ந்த தரம் ஒப்பீட்டில் மலிவாகியிருக்கிறது. தலைநகரத்தார் பணக்காரர்கள், அதனால் நல்லதைத் தின்கிறார்கள் என்று யாரேனும் சொன்னால், இந்தக் கணக்கில் வருமானம் எங்கும் வரவில்லை என்பதைக் காட்டுங்கள். 1964-இல் பொருளியலாளர்கள் ஆர்மன் ஆல்ச்சியனும் வில்லியம் ஆலனும் விளக்கிய விளைவு இதுவே. ஆல்ச்சியன்–ஆலன் விளைவு என்ற பெயரைக் கணக்கிற்குப் பிறகே சொல்வது நல்லது. முன்னரே சொன்னால் மாணவர்கள் மனப்பாடத்தில் இறங்கிவிடுவார்கள்.

கூலிக்குப் பதிலாக 10 விழுக்காடு வரி விதித்தால் விலைகள் 11, 44 ஆகும். விகிதம் நான்கிலேயே நிற்கும். இந்த வேறுபாட்டை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள்.

அடுத்த கேள்விக்கு நிறைய நேரம் ஒதுக்கலாம். கோலாலம்பூரிலிருந்து காரில் பாலிக் புலாவுக்கே வந்து உண்பவருக்கு இந்த விளைவு பொருந்துமா? பெட்ரோலும் டோலும் கிலோ கணக்கில் ஏறுவதில்லை. ஆகவே கடைமுன் நிற்கும்போது அவருக்கும் உள்ளூர்க்காரருக்கும் விகிதம் நான்குதான். ஆனால் ஒருவர் ஒரு பயணத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் உண்ண முடியாது என்றால், பயணச் செலவு மறுபடியும் கிலோவோடு ஒட்டிக்கொள்கிறது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடட்டும். மூன்றாவது பண்டம் ஒன்று நுழைந்தால் முடிவு இவ்வளவு தெளிவாக இராது என்பதை மட்டும் குறிப்பிட்டுவிடுங்கள்.

முள்தோலுக்குள் இருப்பதை வாங்குபவர் அறிய முடியாது என்பது பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லோஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து எழுதிய, விற்பவருக்குத் தெரிந்த தரம் வாங்குபவருக்குத் தெரியாத சிக்கலுக்கு வழி திறக்கும். அதற்குத் தனி வகுப்பு வேண்டும்.

வீட்டுப்பாடமாகக் கடைவிலைகளைக் குறித்து வரச் சொல்லும்போது, முழுப்பழத்தின் விலையையும் பெட்டியில் அடைத்த சுளையின் விலையையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். முழுப்பழத்தை அனுப்பினால், உண்ணாத தோலின் எடைக்கும் கூலி கட்ட வேண்டியிருக்கிறது.