குளூட்டன் மேல் பழி, குற்றவாளி வேறு: சோப்பு, ஷாம்பூ ஒவ்வாமையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோதுமை ஆகாது என்று தெரிந்ததும் வீட்டில் சப்பாத்தி, ரவை, மைதா எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பிறகும் கழுத்தில் அரிப்பு, கண்ணிமையில் தடிப்பு என்று வந்தால் சந்தேகம் சமையலறையை விட்டுக் குளியலறைக்குப் போகிறது. ஷாம்பூவில் கோதுமைப் புரதம் இருக்கிறதாமே, லோஷனில் ஓட்ஸ் இருக்கிறதாமே என்று லேபிளைத் துருவ ஆரம்பிப்பார்கள். துருவுவது நல்லதுதான். ஆனால் எந்த நோய்க்கு எதைத் தேடுகிறோம் என்று தெரியாமல் துருவினால் பணமும் போகும், அரிப்பும் போகாது.

பெரும்பாலான தவறுகளுக்கு ஒரே வேர்தான். மூன்று தனித்தனிப் பிரச்சினைகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம்.

குளூட்டன் என்பது கோதுமை, பார்லி, ரை தானியங்களில் உள்ள புரதம். அதைச் சாப்பிட்டால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய்தான் சீலியாக். இந்த நோயில் குளூட்டன் சிறுகுடலுக்குப் போனால்தான் தகராறு. அது பெரிய மூலக்கூறு. காயமில்லாத தோலைத் தாண்டி உள்ளே போய்க் குடலைத் தாக்காது. ஆகவே தலைக்குத் தேய்க்கும் ஷாம்பூவில் கோதுமைப் புரதம் இருந்தாலும், வாய்க்குள் போகாதவரை சீலியாக் உள்ளவர் அஞ்ச வேண்டியதில்லை. கோதுமை ஒவ்வாமை வேறு. அங்கே உடம்பு கோதுமைப் புரதத்துக்கு எதிராக ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாராக வைத்திருக்கிறது. பட்ட சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணி நேரத்திலோ தடிப்பு, வீக்கம், தும்மல் என்று வரும். இவர்களுக்குத் தோலில் படுவதே சிக்கல்தான். மூன்றாவது, தொடு ஒவ்வாமை. இன்று பூசியதற்கு நாளையோ நாளை மறுநாளோ அரிக்கும், சிவக்கும், செதில் உதிரும். இதில் குற்றவாளி பெரும்பாலும் வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் ரசாயனமோ, தலைமுடிச் சாயமோதான். குளூட்டனாக இருப்பது அபூர்வம்.

ஆக, முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. உடனே வந்ததா, இரண்டு நாள் கழித்து வந்ததா என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். 2016-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், வட இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல் சீலியாக் இருந்தது. தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஒருவர் என்ற அளவில்தான். இங்கே ஷாம்பூ போட்டதும் அரிக்கிறது என்பவர், குளூட்டனுக்கு முன்னால் சந்தேகப்பட வேண்டியவை நிறைய உண்டு.

தோலில் தெரிவதெல்லாம் தோலில் தொடங்கியதல்ல

முழங்கை, முழங்கால், புட்டம், தலைத்தோல் ஆகிய இடங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, தாங்க முடியாத அரிப்போடு சிறு கொப்புளங்கள் வந்தால், பலரும் சோப்பை மாற்றுவார்கள். டெர்மடைடிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற நோயாக அது இருந்தால் எத்தனை சோப்பு மாற்றியும் பயனில்லை. அது சீலியாக்கின் தோல் முகம். சாப்பிட்ட குளூட்டனால் வருவது. தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துத்தான் உறுதி செய்வார்கள்.

அப்படிப்பட்டவர் கோதுமையை விட்ட பிறகும் கொப்புளம் அடங்காவிட்டால், லோஷனை விடச் சாம்பாரைச் சந்தேகிக்கலாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸிலும் வழக்கமாகக் கோதுமை உண்டு. கேழ்வரகையும் அரிசியையும், கோதுமை அரைத்த அதே மில்லில் அரைத்து வாங்குவது அடுத்தது. இவையெல்லாம் நேராக வயிற்றுக்குப் போகின்றன. ஷாம்பூவோ தண்ணீரோடு போய்விடுகிறது.

சரி, அழகுசாதனப் பொருள்களில் சீலியாக் உள்ளவர் கவனிக்க வேண்டியவை எவை? வாய்க்குள் போகக்கூடியவை. லிப்ஸ்டிக், லிப் பாம், பற்பசை, வாய் கொப்பளிக்கும் திரவம். நம் பக்கம் இதோடு கையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கோதுமைப் புரதமோ ஓட்ஸோ உள்ள கிரீமைக் கையில் பூசிவிட்டு, கழுவாமல் அதே கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுகிறோம். குழந்தைகள் என்றால் விரல் எப்போதும் வாயில்தான்.

ஜப்பான் சோப்பு சொல்லும் கதை

தோலில் பூசுவதால் கோதுமை ஒன்றும் செய்யாது என்று அடித்துச் சொல்வதும் தவறுதான். ஜப்பானில் 'சா நோ ஷிசுகு' என்ற பச்சைத் தேயிலை முகச்சோப்பு லட்சக்கணக்கில் விற்றது. நுரை மெத்தென்று வர, 'குளூபேர்ல் 19எஸ்' என்ற ஹைட்ரோலைஸ்டு கோதுமைப் புரதம் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. ஹைட்ரோலைஸ்டு என்றால் உடைக்கப்பட்டது. ஆனால் அமிலத்தாலும் வெப்பத்தாலும் உடைத்த அந்தப் புரதம் இன்னும் பெரிய துண்டுகளாகவே இருந்தது, அதன் வடிவமும் மாறியிருந்தது. தினமும் முகம் கழுவும்போது கண், மூக்கின் மெல்லிய சவ்வில் அது பட்டுக்கொண்டே இருந்தது.

அதுவரை ரொட்டியும் உடான் நூடுல்ஸும் எந்தச் சிக்கலும் இல்லாமல் சாப்பிட்டவர்களுக்கு, கோதுமை சாப்பிட்ட பிறகு, அதிலும் உடம்பை அசைத்து வேலை செய்தால், கண்ணிமை வீங்கத் தொடங்கியது. சிலருக்கு மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்தானது. 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். பாதிப்பு உறுதியானவர்கள் 2,000 பேருக்கு மேல். பின்னர் 2017-ல் ஐரோப்பிய ஒன்றியம், அழகுசாதனங்களில் சேர்க்கும் உடைத்த கோதுமைப் புரதத்தின் சராசரி மூலக்கூறு எடை 3.5 கிலோடால்டனை (மூலக்கூறு எடையின் அலகு) தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது.

குழந்தைகள் விஷயத்தில் இந்தப் பாடம் கூடுதல் கூர்மையானது. 2003-ல் பிரிட்டனில் கிடியன் லாக் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், வேர்க்கடலை எண்ணெய் கலந்த தோல் களிம்புகள் பூசப்பட்டதற்கும் பிற்பாடு வந்த வேர்க்கடலை ஒவ்வாமைக்கும் தொடர்பு தெரிந்தது. கரப்பான் வந்து தோல் வெடித்திருக்கும் பிள்ளைக்கு பாதாம் எண்ணெய், கடலை எண்ணெய், பருப்பு அரைத்த நலங்கு மாவு என்று தேய்ப்பதை நிறுத்தி வைப்பது நல்லது. பாட்டி காலத்து வழக்கம் என்பது நல்ல தோலுக்குச் சரி. வெடித்த தோல் திறந்து கிடக்கும் கதவு. இயற்கைப் பொருள்தானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. ஒவ்வாமை தரும் உணவுப் புரதங்கள் எல்லாமே இயற்கைதான்.

லேபிளில் ஏமாறும் இடங்கள்

கோதுமைக்கான 'வீட்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் தேடினால் பாதி தப்பிவிடும். ட்ரிட்டிகம் வல்கேர் என்றால் கோதுமை. ஹோர்டியம் வல்கேர் பார்லி, செக்கேல் சீரியேல் என்பது ரை, அவேனா சட்டைவா ஓட்ஸ். மற்ற ஒவ்வாமைகளுக்கு: அராக்கிஸ் ஹைபோஜியா வேர்க்கடலை, ப்ரூனஸ் அமிக்டலஸ் டல்சிஸ் பாதாம், செசாமம் இண்டிகம் எள், கிளைசின் சோஜா சோயா. இந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் போனில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் நின்று திணற வேண்டாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: சோடியம் லாக்டேட்டைப் பார்த்துப் பால் என்று பயப்பட வேண்டியதில்லை, பக்வீட் கோதுமை இனமே இல்லை.

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி உட்பொருள்களை லேபிளில் போட வேண்டும். ஆனால் வாசனைக் கலவை முழுவதும் ஒரே ஒரு சொல்லுக்குள், ஃப்ராக்ரன்ஸ் அல்லது பர்ஃப்யூம் என்று, ஒளிந்துகொள்ளலாம். ஐரோப்பாவில் 26 வாசனை ஒவ்வாமைப் பொருள்களைத் தனித்தனியே பெயர் சொல்ல வேண்டியிருந்தது. 2023-ல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டினார்கள். தெரியாத அரிப்புக்கு முதல் சந்தேக நபர் இந்தச் சொல்தான் என்பேன். அடுத்தது மெத்தில்ஐசோதியசோலினோன் என்ற பதப்படுத்தி. ஈரத் துடைப்பான், ஷாம்பூ, திரவ சோப்பில் இருக்கும். அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-ன் ஒவ்வாமைப் பொருளாக அதைத்தான் அறிவித்தது. பூசிவிட்டுக் கழுவாத பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பாவில் 2017 முதல் தடை.

'ஹைப்போஅலர்ஜெனிக்', அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்புக் குறைவு, என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை நம்புவது இன்னொன்று. அமெரிக்காவில் 1975-ல் உணவு, மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்டிஏ இந்தச் சொல்லுக்கு விதி வகுக்கப் பார்த்தது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, 1977-ல் நீதிமன்றம் விதியைத் தள்ளிவிட்டது. அங்கே இன்றுவரை அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி பொருள் கிடையாது. குளூட்டன் இல்லாதது என்பதற்கு உள்ள கிலோவுக்கு 20 மில்லிகிராம் என்ற அளவுகூட உணவுக்கு வைத்ததுதான்.

புண் ஓரிடம், காரணம் வேறிடம்

கண்ணிமை சிவந்தால் கண் மையை மட்டும் தூக்கி எறிவார்கள். நகப்பூச்சின் ஒவ்வாமை நகத்தில் தெரியாமல், விரல் போய்த் தொடும் இமையிலும் கழுத்திலும் தெரியலாம். ஷாம்பூவுடையது, நுரை வழியும் காதின் பின்புறத்திலும் பிடரியிலும். நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில் அரிப்போ வெள்ளைத் திட்டோ வந்தால், ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற பொருளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

வீட்டுச் சோதனையில் அவசரம் வேண்டாம். காதோரம் தடவி ஒரு மணி நேரம் பார்ப்பது தொடு ஒவ்வாமையைக் காட்டாது. பூசிவிட்டு விடும் கிரீம் என்றால் முழங்கை உட்புறத்தில், ஒரே இடத்தில், நாளுக்கு இரண்டு முறை ஒரு வாரமாவது தடவிப் பாருங்கள். ஷாம்பூவையும் சோப்பையும் இப்படித் தடவி விடக்கூடாது, யாருக்கும் எரியும். முன்பு மூச்சுத் திணறலோ உதடு, நாக்கு வீக்கமோ வந்தவர்கள் வீட்டில் சோதிக்கவே வேண்டாம். அந்த அறிகுறிகள் வந்தால் அலர்ஜி மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அப்போது தேவைப்படுவது அட்ரினலின் ஊசி.

மருத்துவச் சோதனையிலும் ஆள்மாறாட்டம் நடக்கிறது. இரண்டு நாள் கழித்து வரும் அரிப்புக்கு, உணவு ஒவ்வாமை ரத்தப் பரிசோதனைக்கு ஆயிரக்கணக்கில் செலவழிப்பார்கள். அதற்கு உரியது தோல் மருத்துவர் செய்யும் பேட்ச் டெஸ்ட். முதுகில் ஒட்டி, இரண்டு நாள் நனைக்காமல் வைத்து, எடுத்த பிறகு மறுபடியும் ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்ப்பார்கள். சீலியாக் சந்தேகமா? ரத்தம் கொடுக்கும் முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

மருத்துவரிடம் போகும்போது பயன்படுத்தும் பாட்டில், டியூப், பொட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். அட்டைப்பெட்டியில் மட்டும் உட்பொருள் அச்சிட்டிருந்தால் தூக்கிப் போடும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. எல்லாவற்றையும் நிறுத்தி, தோல் ஆறியதும் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள். பல வருடமாகப் பழகிய பிராண்டையும் விட்டுவைக்க வேண்டாம். ஒவ்வாமை திடீரென்று ஒரு நாள் தொடங்கலாம். அதே பெயரில் உள்ளே கலவை மாறியிருக்கவும் கூடும்.