படம் போடும் அவசரத்தில் நாம் செய்யும் தவறுகள்

"ப்ரைவேட் அக்கவுண்ட்தானே, தெரிந்தவர்கள் மட்டும்தானே பார்க்கிறார்கள்" என்கிற நினைப்பில்தான் முக்கால்வாசித் தவறுகள் ஆரம்பிக்கின்றன. பார்க்கிறவர் நல்லவராகவே இருக்கட்டும், ஆனால் அவர் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொரு குரூப்பில் போட்டுவிட்டால் உங்கள் செட்டிங்ஸுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் யார் பார்க்கிறார்கள் என்பதைவிட, படத்துக்குள் என்னவெல்லாம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

போர்டிங் பாஸையே எடுத்துக்கொள்வோம். ஊருக்குக் கிளம்பும் குஷியில் அதைக் கையில் பிடித்து ஒரு போட்டோ. அதில் உங்கள் பெயரும் பிஎன்ஆர் எண்ணும் இருக்கின்றன, பல விமான நிறுவனங்களின் தளத்தில் உங்கள் முன்பதிவைத் திறக்க இந்த இரண்டே போதும். எண்ணை விரலால் மறைத்துவிட்டு பார்கோடை விட்டுவைப்பதிலும் பயனில்லை, அதே விவரம் அதற்குள்ளும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபாட் 2020இல் இன்ஸ்டாகிராமில் இப்படி ஒரு படம் போட்டார், அதை வைத்தே ஒருவர் அவருடைய பாஸ்போர்ட் எண், போன் எண் வரைக்கும் போய்விட்டார். நல்லவேளை, கண்டுபிடித்தவர் அதைத் தவறாகப் பயன்படுத்தாமல் உரியவர்களிடம் தெரிவித்தார்.

சரி, மறைத்துப் போடலாம் என்றால் அதிலும் கவனம் வேண்டும். போனில் இருக்கும் ஹைலைட்டர் பேனாவால் நாலு முறை தேய்த்தால் கருப்பாகத்தான் தெரியும், ஆனால் வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்டையும் கூட்டிப் பார்த்தால் அடியில் இருக்கும் எழுத்து மேலே வந்துவிடும். கெட்டியான கருப்புக் கட்டம் வையுங்கள். வெட்டிவிட்டால் போதும் என்றும் இருந்துவிட முடியாது: கூகுள் பிக்சல் போன்களில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மீதிப் பகுதியை மீட்டெடுக்க முடிகிற ஓட்டை ஒன்று 2023இல் வெளியே வந்தது. அதை அடைத்துவிட்டார்கள், அதற்கு முன் பகிர்ந்த படங்களை யார் திருத்துவது?

கேமராவில் லொகேஷன் ஆனில் இருந்தால் எடுத்த இடமும் படத்துக்குள்ளேயே பதிவாகும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது மற்றவர்கள் பார்க்க முடியாதபடி அதை நீக்கிவிடுகிறார்கள், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் போய்விடும். ஆனால் கிளாரிட்டி குறையக் கூடாது என்று டாக்குமென்ட்டாக அனுப்புகிறோமே, அதில் இடம் அப்படியே கூடப் போகும்.

அப்புறம் அந்த விளையாட்டுக் கேள்விகள். முதல் பள்ளி எது, முதல் செல்லப்பிராணியின் பெயர் என்ன என்று ஜாலியாகப் பதில் எழுதுகிறோம். பாஸ்வேர்ட் மறந்தால் சில தளங்களில் கேட்கப்படுவதும் இதே கேள்விகள்தான். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்கு ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் போன விவகாரத்தில், அதற்குக் காரணமான வினாடி வினா செயலியைப் பயன்படுத்தியவர்கள் சில லட்சம் பேர்தான், ஆனால் அவர்களுடைய நண்பர்கள் பட்டியல் வழியாக 8.7 கோடிப் பேர் வரை விவரம் போயிருக்கலாம் என்று 2018இல் ஃபேஸ்புக்கே சொன்னது.

எனக்கு ரொம்பவும் கவலை தருவது குழந்தைகள் விஷயம். முழுப் பெயர், பிறந்த தேதி, சீருடையில் பள்ளியின் சின்னம், மூன்றும் ஒரே வாழ்த்துப் படத்தில். அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்கவில்லை. பெயரையும் சின்னத்தையும் விட்டுவிட்டுப் போட்டால் வாழ்த்தில் ஒன்றும் குறைந்துவிடாது. பயணப் படங்களையும் வீடு திரும்பிய பிறகு போடுங்கள், பூட்டிய வீட்டை ஊருக்கே அறிவிக்க வேண்டாம். ஏற்கெனவே போட்டதற்கு என்ன செய்வது என்றால், ஃபேஸ்புக் செட்டிங்ஸில் பழைய பொதுப் பதிவுகள் எல்லாவற்றையும் ஒரேயடியாக 'நண்பர்களுக்கு மட்டும்' என்று மாற்றும் வசதி இருக்கிறது, இன்றைக்கே அதைச் செய்துவிடலாம்.