டிஜே பழக விரும்புகிறவர்களுக்கு: கருவிக்கு முன்னால் தாளம்

சென்னையில் கல்யாண வரவேற்பு என்றால் மெல்லிசைக் குழு என்றிருந்த காலம் உண்டு. இன்று பல மண்டபங்களில் அந்த மேடையில் ஒரு மேசை, அதன்மேல் ஒரு கன்ட்ரோலர் (லேப்டாப்பிலுள்ள பாட்டுகளைக் கையால் இயக்கும் பலகை), ஒரு லேப்டாப். அதைப் பார்த்துவிட்டு, "நானும் பழக வேண்டும், எந்தக் கருவி வாங்கலாம்?" என்று கேட்கும் பிள்ளைகள் ஏராளம். எல்லோரிடமும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ஒரு பாட்டை ஓடவிட்டு, கடைசி வரை தாளம் தவறாமல் எண்ண முடியுமா? முடியும் என்றால் பாதி தூரம் வந்துவிட்டீர்கள். முடியாவிட்டால் பணத்தை ஒரு மாதம் பத்திரமாக வைத்திருங்கள், அதற்குள் கற்றுக்கொண்டுவிடலாம்.

டிஜேயின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அடுத்த பாட்டை ஹெட்போனில் மட்டும் கேட்டு, இரண்டின் வேகத்தையும் சமன்செய்து, ஆடுகிறவர்களின் கால் நிற்காதபடி ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் படி: விரல்விட்டு எண்ணுங்கள்

நடன இசையின் கட்டுமானம் எளிது. நான்கு தட்டு ஒரு பார். எட்டு பார் சேர்ந்தால் ஒரு பகுதி, அதாவது 32 தட்டு. டிரம்ஸ் நுழைவதும், நிற்பதும், பாடுகிறவர் வருவதும் பெரும்பாலும் இந்த 32 முடிகிற இடத்தில்தான் நடக்கும். இதை எண்ண நம்மிடம் அருமையான முறை ஏற்கெனவே இருக்கிறது. ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. நான்கு ஆவர்த்தனம், அதாவது நான்கு தாளச் சுற்று, போட்டால் அதே 32. மார்கழிக் கச்சேரியில் முன்வரிசைப் பெரியவர்கள் தொடையில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்: ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், மறுபடி தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஹவுஸ் என்னும் நடன இசை வகையில் ஒரு துண்டை ஓடவிட்டு இந்தக் கைக்கணக்கை வையுங்கள். அவை பெரும்பாலும் நிமிடத்துக்கு 120 முதல் 128 தட்டு வேகத்தில் ஓடும். நான்காவது ஆவர்த்தனம் முடிகிறபோது இசையில் ஏதோ ஒன்று மாறுவது காதில் விழும். தினமும் அரை மணி நேரம், ஒரு வாரம் செய்யுங்கள்.

தமிழ்ப் பாட்டுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. குத்துப் பாட்டுகள் பலவும் திஸ்ர நடை: ஒவ்வொரு தட்டுக்குள்ளும் தகிட, தகிட என்று மூன்று மூன்றாக நடக்கும். தகதிமி என்று நான்காக நடக்கிற பாட்டோடு அதை ஒட்டினால், வேகம் ஒன்றாகவே இருந்தாலும் ஆடுகிறவர்களின் கால் தடுமாறும். அதனால் தொடக்கத்திலேயே உங்கள் பாட்டுகளை இரண்டு ஃபோல்டராகப் பிரித்துவிடுங்கள்: தகிட ஒன்று, தகதிமி ஒன்று. பல ஆண்டுகளாக நான் கைவிடாத பழக்கம் இது.

இரண்டாம் படி: கையில் இருப்பதை வைத்துத் தொடங்குங்கள்

மிக்ஸ் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஆங்கிலத்தில் Mixxx என்று, கடைசியில் மூன்று எக்ஸ் போட்டுத் தேடுங்கள். சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். ஒரே சிக்கல், லேப்டாப்பில் ஒலி வெளியேற ஒரு வழிதான் இருக்கும். நமக்கோ ஸ்பீக்கருக்கு ஒன்று, ஹெட்போனுக்கு ஒன்று என இரண்டு வேண்டும். ரிச்சி தெருவில் சிறிய யூஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிச் செருகினால் இரண்டாவது வழி கிடைத்துவிடும். ஹெட்போன் மட்டும் காதை முழுதாக மூடுகிற வகையாக இருக்கட்டும்.

ஒரு மாதம் கழித்தும் ஆசை குறையவில்லை என்றால் கன்ட்ரோலர் வாங்கலாம். இரண்டு சேனல், அதாவது இரண்டு பாட்டை இணைக்கும் வசதி, போதும். பயனியரின் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற தொடக்கநிலைக் கருவியில் சவுண்ட் கார்டு உள்ளேயே இருக்கிறது; ரெகார்ட்பாக்ஸ், செராட்டோ என்ற டிஜே மென்பொருள்கள் இரண்டோடும் வேலை செய்யும். பழையது வாங்குவதானால், பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஃபேடரையும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை) மெதுவாக மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் அதை விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பாட்டுகளைத் தயார்செய்யுங்கள்

வாட்ஸ்அப்பில் வந்த பாட்டு, வீடியோவிலிருந்து பிரித்தெடுத்த பாட்டு, இவை போனில் நன்றாகத்தான் கேட்கும். மண்டபத்துப் பெரிய ஸ்பீக்கரில் ஜால்ரா ஓசை எல்லாம் தகரத்தைச் சுரண்டுவதுபோல் வரும். விலை கொடுத்து வாங்குங்கள். எம்பி3 என்றால் 320 கேபிபிஎஸ் தரத்தில் வாங்குங்கள்.

மென்பொருள் ஒவ்வொரு பாட்டின் வேகத்தையும் தானே கணக்கிட்டுக் காட்டும். அதை அப்படியே நம்பிவிட வேண்டாம். 75 வேகப் பாட்டை 150 என்று காட்டும். திஸ்ர நடைப் பாட்டில் 100-ஐ ஒன்றரை மடங்காக்கி 150 என்று சொல்லும். 1970-களின் திரைப்பாட்டுகளில் சிக்கல் இன்னும் பெரிது: வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிந்தவை அவை. சரணத்தில் சற்றே வேகம் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது தணியும். அந்த உயிரோட்டத்தை எந்தச் சீரான கட்டத்துக்குள்ளும் அடைக்க முடியாது. இரண்டு பாட்டின் வேகத்தையும் தானே சேர்க்கும் சிங்க் பட்டனை அழுத்திவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். காதால் பிடிக்கப் பழகியவர்களுக்குத் தட்டு விலகத் தொடங்கும்போதே தெரிந்துவிடும். கன்ட்ரோலரில் சுழலும் வட்டமான ஜாக் வீலை விரலால் லேசாகத் தள்ளிச் சரிசெய்துவிடுவார்கள்.

நான்காம் படி: முதல் இணைப்பு

இதற்கு நேரம் கொடுங்கள். முதல் பாட்டு 100 வேகத்தில் ஓடுகிறது, இரண்டாவது 96 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதை ஹெட்போனில் கேளுங்கள். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் அறையின் ஓசை. டெம்போ ஸ்லைடரில் ஏறக்குறைய 4.2 சதவீதம் கூட்டினால் அதுவும் 100 ஆகும். முதல் சில நாள் திரையில் தெரியும் எண்ணை ஒரு தாளால் மறைத்துவிட்டுக் காதாலேயே தேடுங்கள். வேகம் சேராதபோது இரண்டு தட்டுகளும் குதிரை ஓடுவதுபோல் தடதடக்கும். நெருங்க நெருங்க ஒரே தட்டாக இறுகும். அந்த இறுக்கத்தை ஒருமுறை கேட்டுவிட்டால் பிறகு காது மறக்காது.

சுருதியைப் பூட்டும் கீ லாக்கைப் போட மறக்காதீர்கள். அது இல்லாமல் 6 சதவீதம் வேகம் கூட்டினால் பாடகரின் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். தெரிந்த குரல் அந்நியமாகக் கேட்கும்.

இப்போது எண்ணுங்கள். முதல் பாட்டில் ஒரு 32 தொடங்கும் அதே தட்டில் இரண்டாவதை ஓடவிடுங்கள். இரண்டாவதன் பேஸ் (அடித்தள ஒலி) குமிழை முழுதாகக் குறைத்துவிட்டு அதன் ஃபேடரை மெல்ல ஏற்றுங்கள். அடுத்த 32-இன் முதல் தட்டில் முதல் பாட்டின் பேஸைக் குறைத்து, இரண்டாவதன் பேஸைக் கொடுங்கள். இரண்டு பேஸும் ஒன்றாக ஒலித்தால் எல்லாம் குழைந்துபோகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பாடவும் கூடாது.

நம் பாட்டுகளில் பல ஹம்மிங்கோடு தொடங்கும். தாளம் வரவே அரை நிமிடம் ஆகலாம். ஆகவே தாளம் நுழைகிற தட்டில் க்யூ புள்ளி, அதாவது பாட்டு தொடங்க வேண்டிய இடத்தின் குறி, வைத்துக்கொள்ளுங்கள். ஓடுகிற பாட்டின் இடையிசையில் குரல் இல்லாத நான்கு பாரைப் பிடித்து, அதுவே திரும்பத் திரும்ப ஓடும்படி லூப் போட்டுவிட்டால், நிதானமாக அடுத்ததைச் சேர்க்கலாம். இந்த லூப்புக்கு ஒரு முன்கதை உண்டு. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் தங்கை நடத்திய விருந்தில் இசைத்தட்டுகளைச் சுழற்றியவர் கூல் ஹெர்க். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை வைத்து, டிரம்ஸ் மட்டும் வரும் துண்டை மாற்றி மாற்றி ஓட்டி நீளமாக்கும் அவருடைய முறையிலிருந்துதான் ஹிப்ஹாப் பிறந்தது. அவர் கையால் செய்ததை இன்று ஒரு பட்டன் செய்கிறது.

ஐந்தாம் படி: மண்டபத்துக்குப் போகும் முன்

வடபழனியில் ஒரு வரவேற்பில், அங்கிருந்த பிளேயர் என் பென்டிரைவைப் படிக்கவே இல்லை. அதை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்திருந்தேன். பெண்ணின் சித்தப்பா ஆடுவதற்காகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மண்டபமே அமைதியாக இருந்தது. அன்றிலிருந்து இரண்டு பென்டிரைவ், இரண்டும் ஃபேட்32 முறையில். ஆர்சிஏ வயரும், அதை மண்டபத்து மிக்சரில் செருகுவதற்கான முனைகளும் உங்கள் பையிலேயே இருக்கட்டும். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முதலில் போய்ப் பேசுங்கள், அந்த அறை எங்கே அதிரும் என்பது அவருக்குத் தெரியும். மீட்டர் சிவப்பில் நிற்க விடாதீர்கள். சத்தம் போதவில்லை என்றால் அவரிடம் கேளுங்கள், அவர் கூட்டுவார். சாப்பாட்டு நேரத்தில் குறைத்துவிடுங்கள், உறவுகள் பேசிக்கொள்ளட்டும்.

திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு; 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அப்படிச் சொல்கின்றன. கல்யாணத்தையொட்டிய கொண்டாட்டங்களுக்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. ஆனால் ஹோட்டல், கட்டண நிகழ்ச்சி என்றால், உரிமம் எடுத்துவிட்டார்களா என்று ஏற்பாட்டாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் காதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காதடைப்பான் போட்டுக்கொள்ளுங்கள். இசையை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் காதுதான் முதலீடு.

ஆறாம் படி: பதிவுசெய்து கேளுங்கள்

வீட்டில் அரை மணி நேரம் பாட்டுகளை இணைத்து முழுவதையும் பதிவுசெய்யுங்கள். அன்றே கேட்க வேண்டாம். மறுநாள் வேளச்சேரியிலிருந்து பறக்கும் ரயிலில் போகும்போது கேளுங்கள். தட்டு விலகிய நிமிடத்தையும் வினாடியையும் போனில் குறித்துக்கொள்ளுங்கள். அன்று மாலை வீடு திரும்பியதும் முழுதாக வாசிக்காமல், குறித்த அந்த இணைப்பை மட்டும் இருபது முறை செய்யுங்கள்.