வீட்டில் குத்துச்சண்டைப் பயிற்சி: கவனம் சிதறுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குத்துச்சண்டை முறையிலான உடற்பயிற்சியை வீட்டிலேயே தொடங்கி, இரண்டாம் கிழமையில் கைவிடுபவர்களில் பலர், தமக்குப் பொறுமை போதாது, எதிலும் மனம் நிலைப்பதில்லை என்று தம்மையே நொந்துகொள்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவராக இருந்தேன். ஆனால் நவீனக் குத்துச்சண்டையே துண்டு துண்டாக வெட்டப்பட்ட ஒரு விளையாட்டுத்தான். 1867 ஆம் ஆண்டின் குவீன்ஸ்பெரி விதிகள் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம், இடையில் 1 நிமிட ஓய்வு என்று வகுத்தன. ஆண்களின் தொழில்முறைப் போட்டிகள் இன்றும் அந்தக் கணக்கிலேயே நடக்கின்றன. நெடுநேரம் ஒன்றில் ஊன்ற முடியாதவருக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சியைத் தேடிப் பிடிப்பது கடினம். நாம் பிழை விடுவது பெரும்பாலும் அதை வெட்டும் அளவில்தான்.

முதல் பிழை, 45 நிமிடக் காணொளி ஒன்றைப் போட்டுவிட்டு அதன் பின்னால் ஓடுவது. புதியவருக்கு மூன்று நிமிடச் சுற்றே நீளமானது. கன்னத்தருகே முஷ்டிகளை உயர்த்திப் பிடித்தபடி நாற்பது விநாடி நின்றாலே தோள்பட்டை எரியத் தொடங்கும், மனம் அடுப்படிக்குப் போய்விடும். ஒரு நிமிடம் பயிற்சி, அரை நிமிடம் ஓய்வு, இப்படி ஆறு சுற்றுகள் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிடும். உடலைச் சூடாக்க முன்னே மூன்று நிமிடம் கைகால்களை அசைத்துக்கொள்ளலாம். ஒன்பது நிமிடத்தில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரே மூச்சில் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கில் சேரும் என்று முன்னர் சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம், 2020 ஆம் ஆண்டின் வழிகாட்டலில் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடம் வரையான கடும் உடலுழைப்பு என்ற அளவைச் சிறு சிறு பகுதிகளாகவும் சேர்த்துக்கொள்ளலாம்.

கவனம் உண்மையில் தப்பிப் போகும் இடம், சுற்றுக்குள் இருக்கும் நிமிடத்தைவிட, இரு சுற்றுகளுக்கு இடையிலுள்ள அந்த அரை நிமிடம். நேரம் பார்ப்பதற்குக் கைத்தொலைபேசியைக் கையில் எடுப்போம். அதில் ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருக்கும். அதற்குப் பதில் எழுதி நிமிர்ந்தால் உடல் குளிர்ந்து இருபது நிமிடம் கடந்திருக்கும். தொலைபேசியின் மணி இல்லாமல் முடியாது என்பவர்கள், அதை விமானப் பயன்முறையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், கைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிடுவது நல்லது. நான் சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தே சுற்றுகளைக் கணக்கிடுகிறேன். ஓய்வு நேரத்துக்கும் ஒரு வேலை வேண்டும்: வாசற்கதவிலிருந்து யன்னல்வரை போய்த் திரும்ப வேண்டும், போத்தலிலிருந்து ஒரு மிடறு தண்ணீர் குடிக்க வேண்டும், கைகளை உதற வேண்டும். அதற்குள் மணி அடித்துவிடும். கதிரையில் மட்டும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தவர் எழுந்ததை நான் அதிகம் கண்டதில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சுற்றுக்கு ஒரு நோக்கமும் இல்லாமல் கண்டபடி காற்றில் குத்துவது அடுத்த பிழை. ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு வேலை என்று வைத்துக்கொண்டால், அலையும் மனத்துக்குத் திரும்பி வர ஓர் இடம் இருக்கும். முதற் சுற்றைக் கால்களுக்கே கொடுக்கலாம். டைல்ஸ் பதித்த தரை என்றால் இரு ஓடுகளுக்கு நடுவேயுள்ள கோடு நல்ல ஆசிரியர்: வலக்கைப் பழக்கமுள்ளவர் இடது பாதத்தை முன்னே கோட்டுக்கு இடப்புறமாகவும், வலது பாதத்தைப் பின்னே வலப்புறமாகவும், தோள் அகலத்துக்கு வைத்து, பின் குதிகாலைச் சற்றே உயர்த்தி நிற்க வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு இது அப்படியே மாறும். முன்னே நகரும்போது முன்கால் முதலில், பின்னே நகரும்போது பின்கால் முதலில். எப்போதும் கோடு இரு பாதங்களுக்கும் இடையிலேயே இருக்க வேண்டும். இரு கால்களும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் பக்கத்திலிருந்து ஒரு குழந்தை தள்ளினாலும் சரிந்துவிடுவோம்.

இரண்டாம் சுற்று, ஜாப் எனப்படும் இடது நேர்க்குத்துக்கு மட்டும். கட்டைவிரலை உள்ளே மடக்காமல் விரல்களின் வெளிப்புறமாகப் படிய வைத்து, மணிக்கட்டை மடங்கவிடாமல், போன வழியே கையைக் கன்னத்துக்கு மீட்டெடுக்க வேண்டும். திரும்பி வரும் கையைத் தொங்கவிடுவதே புதியவர்களிடம் அதிகம் காணப்படும் குறை. மூன்றாம் சுற்றில் கிராஸ் எனும் வலது நேர்க்குத்தைச் சேர்க்கும்போது, தரையில் ஒட்டிய சோற்றுப் பருக்கையைக் காலின் முன்பகுதியால் தேய்த்து எடுப்பதுபோல வலப்பாதம் திரும்ப வேண்டும். அதன் பின்னால் இடுப்பு, பிறகு தோள், கடைசியில்தான் கை. பாதம் திரும்பாமல் இடுப்பு மட்டும் திரும்பினால் அந்த முறுக்கு முழங்காலில் போய் விழும். ஒவ்வொரு குத்துக்கும் மூச்சைச் சிறிதாக வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது.

காற்றில் குத்தும்போது கையை முழு வேகத்தில் எறிந்து முழங்கையைப் பூட்டுவதும், பலம் கூடும் என்று எண்ணித் தம்பெல்லையோ நீர் நிரம்பிய போத்தலையோ பிடித்துக் குத்துவதும் மூட்டுகளுக்குக் கேடு. குத்து முன்னோக்கிப் போகிறது, பாரமோ கையைக் கீழே இழுக்கிறது. தோள்தான் அந்த இழுபறியைச் சுமக்கிறது. சுவரிலோ கதவிலோ குத்திப் பார்ப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுண்டுவிரலுக்குக் கீழேயுள்ள உள்ளங்கை எலும்பின் கழுத்துப் பகுதி அப்படித்தான் முறிகிறது.

கொழும்பில் வசிப்பவர்கள் தரையையும் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலி முகத்திடலில் ஓடுபவருக்குக் கடற்காற்று உண்டு. தொடர்மாடி வீட்டின் மூடிய அறையில் ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை உலராது, உடலும் குளிராது. யன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போட்டு, விடிகாலையில் செய்வதே உசிதம். வியர்வை சொட்டிய டைல்ஸில் வெறுங்காலோ காலுறையோ வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து அணிந்து, சுற்றுக்குச் சுற்று தரையைத் துடைத்துக்கொள்ள வேண்டும். துள்ளலும் வேண்டாம். வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருந்தபோது நான் கயிறில்லாமல் கயிறடிப்பதுபோலத் துள்ளிக்கொண்டிருக்க, கீழ்வீட்டு அன்ரி படியேறி வந்து, "என்ன பிள்ளை, விடியக் காலமை மா இடிக்கிறீங்களோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து குதிகால் தரையில் மோதாமல் வழுக்கி நகரப் பழகினேன். குத்துச்சண்டைக்கும் அதுவே சரியான நடை.

சலிப்புத் தட்டியதும் பக்கவாட்டில் வளைத்துக் குத்தும் ஹூக், கீழிருந்து மேலே குத்தும் அப்பர்கட், குனிதல், விலகுதல் எல்லாவற்றையும் ஒரே நாளில் அள்ளிப் போடத் தோன்றும். கிழமைக்கு ஒன்று போதும். இடது நேர்க்குத்துக்கு 1, வலது நேர்க்குத்துக்கு 2, இடது ஹூக்குக்கு 3 என்று எண் கொடுத்து, வீட்டிலுள்ள பிள்ளை ஒன்றிடம் மனம்போனபடி எண்களைக் கூப்பிடச் சொன்னால், அடுத்து எது வரும் என்று தெரியாததால் மனம் தானாகவே விழித்திருக்கும். பிள்ளைகளுக்கு இதில் அலாதி மகிழ்ச்சி, இரக்கமே காட்டமாட்டார்கள்.

ஒருநாள் தவறினால் மறுநாள் இரட்டிப்பாகச் செய்ய வேண்டாம். தோள்வலி அடுத்த இரண்டு மூன்று நாட்களையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இருதய நோய், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். கவனச் சிதறல் படிப்பையும் தொழிலையும் பாதிக்கும் அளவுக்கு இருந்தால் அதற்கும் மருத்துவ ஆலோசனை தேவை.

பொருள் வாங்கும் ஆசை ஆறு கிழமை காத்திருக்கட்டும். அதன் பிறகும் ஆர்வம் குன்றாவிட்டால் முதலில் கையுறைக்குள்ளே கையில் சுற்றிக்கொள்ளும் நாலரை மீற்றர் நீளமான கைப்பட்டி, அடுத்து 12 அல்லது 14 அவுன்ஸ் கையுறை, கடைசியாகத்தான் குத்துப்பை. மின்விசிறிக்காகப் போட்ட கொளுக்கியில் அதைத் தொங்கவிடக் கூடாது. ஆடி அசையும் பாரத்துக்காக அந்தக் கொளுக்கி பொருத்தப்படவில்லை. வாடகை வீடானால் கொங்கிரீட் கூரையில் துளையிடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள்.